வார்டில் பேசும் ஆங்கிலம்: தமிழ்வழியில் படித்த ஒரு செவிலியரின் கேள்விக்கு

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு செவிலியர் கேட்டிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர், பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மூன்று ஆண்டுகளாகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறார். பாடப் புத்தகத்து ஆங்கிலம் புரிகிறது, பரீட்சைகளையும் அதிலேயே எழுதித் தேறிவிட்டார். ஆனால் வாயைத் திறந்தால் நான்கு வார்த்தைக்கு மேல் வருவதில்லை. இனிமேல் ஆங்கிலம் கற்றுக்கொண்டால் பிழைப்பில் உண்மையாகவே ஏதேனும் மாறுமா, வெளிநாட்டு வேலைக்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்பவை அவருடைய கேள்விகள். நான் ஒன்பது ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது செவிலியர்களுக்கு மொழித் தேர்வுப் பயிற்சி அளித்து வருகிறேன். நானும் தமிழ்வழியில் படித்தவள்தான் என்பதால், இந்தக் கேள்வியைக் கேட்கும்போது தொண்டையில் நிற்கும் தயக்கம் எனக்குப் பழக்கமானது.

மாறும் என்பதே என் பதில். ஆனால் எந்த ஆங்கிலம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவும், பொழுதுபோக்கு என்ன என்று சொல்லவும், கணினி நிறுவன நேர்காணலில் அமர்ந்திருக்கவும் கற்றுத் தருவார்கள். அதில் தவறில்லை, செவிலியருக்கு அது பெரிதாக உதவாது, அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது, ஒரு நோயாளியின் நிலையை இன்னொருவரிடம் பிசகில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆங்கிலம். நாடு எதுவானாலும், தேர்வு எதுவானாலும், கடைசியில் அளக்கப்படுவது இந்தத் திறமைதான். இதன் பரப்பும் சிறியது: ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்டோவர், டாக்டருக்குத் தொலைபேசி, கேஸ் ஷீட்டில் குறிப்பு, நோயாளியிடமும் உறவினரிடமும் பேச்சு, ஒரு கடிதம். ஆங்கிலம் முழுவதையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மலைத்து நிற்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வெளிநாட்டுக்குப் போவதற்கு வெகு முன்பே இதன் பலன் உள்ளூரில் தெரியத் தொடங்கும். இரவு இரண்டு மணிக்கு அறுவை சிகிச்சை முடிந்த நோயாளி ஒருவருக்கு நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணியிலிருக்கும் மருத்துவர் வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. 'சார், பேஷண்ட் நாட் ஓகே சார்' என்று சொல்லும் செவிலியரிடம் அவர் பத்துக் கேள்வி கேட்பார். ஒவ்வொன்றுக்கும் இவர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். அதே இடத்தில் இன்னொருவர் நான்கே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்: இப்போது என்ன நடக்கிறது, இவர் யார், எதற்காகச் சேர்ந்தவர், நான் பார்த்தவரையில் என்ன தெரிகிறது, நீங்கள் வந்து பார்க்க வேண்டுமா அல்லது மருந்து சொல்கிறீர்களா. இந்த வரிசைக்கு எஸ்பார் என்று பெயர். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்த முறை அது. நான்கு வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுவதற்கு இலக்கணப் பண்டிதராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதைச் சொல்லத் தெரிந்தவர்தான் ஓரிரு ஆண்டுகளில் இன்சார்ஜ் ஆகிறார். தொற்றுத் தடுப்புப் பிரிவுக்கும் தரச்சான்று வேலைகளுக்கும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள், ஏனென்றால் அங்கே நாள் முழுக்க ஆவணங்களோடுதான் வேலை. வார்டு வேலை உடம்புக்கு ஒத்துவராமல் மருத்துவக் குறியீட்டு வேலைக்கு, அதாவது மெடிக்கல் கோடிங் பக்கம் போன செவிலியர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்துப் பொருள் பிரிப்பதே அந்த வேலையின் சாரம்.

அரசு வேலையைக் குறிவைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: தமிழ்நாட்டின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். ஆகவே ஆங்கிலத்துக்காகத் தமிழைக் கைவிட்டு நிற்க வேண்டாம்.

இனி, தமிழ் பேசும் செவிலியர் எங்கே இடறுகிறார் என்பதற்கு வருகிறேன். சொல்வளம் குறைவு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் வகுப்பில் நான் பார்ப்பது வேறு. மருத்துவச் சொற்கள் இவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. நோயாளியின் வாயிலிருந்து வரும் சாதாரணச் சொற்களில்தான் தடுமாறுகிறார்கள்.

வலியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வார்டுகளில் ஒரு பாட்டி வலியைச் சொல்லும் விதத்தைக் கேட்டிருப்பீர்கள். சுருக்கென்று குத்துகிறது என்பார். விண்விண்ணென்று தெறிக்கிறது என்பார். காந்துகிறது, இழுத்துப் பிடிக்கிறது, மந்தமாக வலித்துக்கொண்டே இருக்கிறது, கால் உளைகிறது என்று ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்வார். இத்தனையையும் கேட்டுவிட்டு, கேஸ் ஷீட்டில் 'பெயின்' என்ற ஒரே சொல்லை எழுதிவிட்டு வருகிறோம். பாட்டி தந்த தகவலில் பாதிக்கு மேல் அந்த இடத்திலேயே தொலைந்துபோகிறது. ஆங்கிலத்திலும் அத்தனைக்கும் சொல் உண்டு: குத்துவதற்கு ஸ்டாபிங், தெறிப்பதற்குத் த்ராபிங், காந்துவதற்கு பர்னிங், இழுத்துப் பிடிப்பதற்கு கிராம்பிங், மந்தமான வலிக்கு டல் ஏக். வெளிநாட்டுத் தேர்வின் கேட்டல் பகுதியில் நோயாளி பேசும்போது இந்தச் சொற்கள்தான் வருகின்றன. விடைத்தாளில் நிரப்பச் சொல்வதும் இவற்றைத்தான். என் மாணவிகளுக்கு முதல் வார வீட்டுப்பாடமாக இதைத்தான் தருகிறேன்: பணியில் நோயாளிகள் சொல்லும் வலிச் சொற்கள் இருபதைத் தமிழில் எழுதி வாருங்கள், பிறகு ஆங்கிலம் தேடலாம். தமிழ்ப் பட்டியலைச் செய்யும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

அடுத்தது மரியாதை. இது எனக்கே புரிவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. 'கையை நீட்டுங்க', 'திரும்பிப் படுங்க', 'சட்டையைக் கழற்றுங்க' என்று தமிழில் சொல்லும்போது அதில் ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் மரியாதை முழுவதையும் அந்த 'ங்க' சுமந்துகொள்கிறது. அதை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றும்போது 'ங்க' உதிர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது வெறும் ஏவல். 'ரிமூவ் யுவர் ஷர்ட்' என்பது காதில் விழும் ஆங்கிலேய முதியவருக்கு, போலீஸ்காரர் சோதனை போடுவதுபோல இருக்கும். 'ப்ளீஸ்' சேர்த்தாலும் முழுதாகச் சரியாவதில்லை. அந்த மொழியில் மரியாதை வினைமுற்றின் விகுதியில் இல்லை. கேள்வியாகக் கேட்பதிலும், ஏன் செய்கிறோம் என்று முன்கூட்டியே சொல்வதிலும், நோயாளிக்கு மறுக்கும் இடம் விடுவதிலும் இருக்கிறது. 'இப்போது உங்கள் நெஞ்சைக் கேட்டுப் பார்க்க வேண்டும், சட்டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள முடியுமா, உங்களுக்குச் சரிதானே' என்ற அளவுக்கு நீட்ட வேண்டும். நம் பெண்களுக்கு இது முதலில் பாசாங்காகத் தோன்றுகிறது. 'என்ன மேடம், ஊசி போட இவ்வளவு நாடகமா' என்று ஒரு மாணவி சிரித்தார். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.ஈ.டி.யின் பேச்சுப் பகுதியில், உச்சரிப்புக்கும் இலக்கணத்துக்கும் இருப்பதுபோலவே நோயாளியோடு இணக்கத்தை உண்டாக்குவதற்கும் அவருடைய கவலையைக் கேட்டு அறிவதற்கும் தனித்தனி அளவுகோல்கள் இருக்கின்றன என்று சொன்ன பிறகுதான் அவர் சிரிப்பை நிறுத்தினார்.

காலம் காட்டும் வினைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. 'மூன்று நாளாகக் காய்ச்சல் இருக்கிறது' என்ற நம் வாக்கியம் தலையில் ஓடுவதால், 'ஷி இஸ் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்' என்று எழுதிவிடுகிறோம். இந்தியா முழுவதும் இப்படிப் பேசுகிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் கடிதத்தைத் திருத்துபவர் இதைப் பிழையாகவே பார்ப்பார். 'ஹேஸ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்ற ஒரு அமைப்பை நூறு முறை எழுதிப் பழகினாலே கடிதத்தில் வரும் பிழைகளில் கணிசமான பங்கு குறைந்துவிடும்.

ஒலி விஷயத்தில், வெள்ளைக்காரர் போலப் பேச முயல வேண்டாம். அந்த முயற்சியில் வேகம் கூடித் தெளிவு போய்விடுகிறது. தமிழ் எழுத்தில் ப என்ற ஒன்றே இரண்டு ஒலிகளுக்கு நிற்கிறது. ட என்பதும் அப்படியே. அதனால் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யும் பழக்கம் உள்ளவர்களுக்கு, பஞ்சு வைத்த பேட், கிரிக்கெட் பேட், கெட்டது என்று பொருள்படும் பேட் ஆகிய மூன்றும் நோட்டுப் புத்தகத்தில் ஒரே மாதிரி இருக்கும். வாயிலும் ஒரே மாதிரிதான் வரும். அந்தப் பழக்கத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். சொல்லைக் காதால் கேட்டு, ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். எண்களில் கூடுதல் கவனம் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், மருத்துவர் தொலைபேசியில் சொன்ன 'ஃபிஃப்டீன்' என்ற அளவை நான் ஐம்பது என்று எழுதிவிட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் மருந்தை எடுப்பதற்கு முன் பார்த்துவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதன் பிறகு எந்த எண்ணையும் 'ஒன் ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளாமல் நான் எழுதியதில்லை. தாய்மொழி ஆங்கிலமாக உள்ளவர்களுக்கும் இதே முறைதான் பரிந்துரைக்கப்படுகிறது என்பதால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது வெளிநாட்டுக் கணக்கு. பிரிட்டனை எடுத்துக்கொள்கிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். அங்கே செவிலியர் பதிவை நடத்தும் என்.எம்.சி. இரண்டு தேர்வுகளை ஏற்கிறது. எல்லாத் துறையினருக்கும் பொதுவான ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதினால் கேட்டல், படித்தல், பேசுதல் ஆகியவற்றில் 9-க்குத் தலா 7, எழுதுதலில் 6.5 வேண்டும். ஓ.ஈ.டி. எழுதினால் முதல் மூன்றிலும் பி தரம், எழுதுதலில் சி பிளஸ். முன்பு எழுதுதலிலும் 7 கேட்டார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆஸ்திரேலியச் செவிலியர்களே தவறியதாக 2017-இல் செய்திகள் வந்தன, 2018 இறுதியில் அந்த அளவு குறைக்கப்பட்டது. இந்தியாவில் படித்தவர்களுக்கு, கல்லூரியில் பயிற்றுமொழி ஆங்கிலம் என்ற சான்றிதழ் மட்டும் போதாது.

இரண்டில் எது என்றால், வார்டில் வேலை செய்துகொண்டே படிப்பவருக்கு ஓ.ஈ.டி.யையே நான் சொல்வேன். ஐ.ஈ.எல்.டி.எஸ். கட்டுரையில் நகரப் போக்குவரத்தைப் பற்றியோ அருங்காட்சியகக் கட்டணத்தைப் பற்றியோ எழுதச் சொல்லலாம், ஓ.ஈ.டி.யில் ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, அவரை ஏற்கப்போகும் இன்னொரு செவிலியருக்கோ மருத்துவருக்கோ கடிதம் எழுதச் சொல்வார்கள். குறிப்பைப் படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம், கடிதத்தின் உடல் 180 முதல் 200 சொற்கள். குறிப்பில் இருக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிடுவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. பத்தாண்டுக்கு முன் குடல்வால் எடுத்ததை, இன்று சர்க்கரை நோய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றப்போகும் செவிலியரிடம் சொல்ல வேண்டியதில்லை. எதை விடுவது என்று முடிவெடுப்பதற்கும் மதிப்பெண் உண்டு. பேச்சுப் பகுதியில் இரண்டு நடிப்புக் காட்சிகள். ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம் தயாரிப்பு, 5 நிமிடம் பேச்சு. கட்டணத்தில் மட்டும் ஓ.ஈ.டி. கை கடிக்கும்: முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். ஐ.ஈ.எல்.டி.எஸ். ஏறக்குறைய அதில் பாதி.

மொழித் தேர்வோடு முடிவதில்லை. கணினித் தேர்வு ஒன்றை இந்தியாவிலேயே எழுத வேண்டும். பிரிட்டனுக்குப் போன பிறகு ஆஸ்கி எனப்படும் செய்முறைத் தேர்வு இருக்கிறது, அதிலும் கை செய்வதை வாய் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அதையும் தாண்டி வார்டுக்குள் நுழைந்தால், தேர்வில் வராத ஆங்கிலம் காத்திருக்கும். 'ஐ வாஸ் சிக் லாஸ்ட் நைட்' என்று ஒரு பிரிட்டிஷ் நோயாளி சொன்னால், உடம்பு சரியில்லை என்று அவர் பொதுவாகச் சொல்லவில்லை. பெரும்பாலும் வாந்தி எடுத்ததைச் சொல்கிறார். உடம்பு சரியில்லை என்பதற்கு அங்கே 'பூர்லி' என்பார்கள். முதியவர்கள் சிறுநீர்ப் பிரச்சினையை 'வாட்டர்வொர்க்ஸ்' என்று மறைவாகச் சொல்வதுண்டு. நாம் 'எக்ஸ்பயர் ஆகிவிட்டார்' என்பதை அங்கே ஒரு குடும்பத்திடம் சொல்லிவிடக் கூடாது. பால் பாக்கெட்டுக்குத்தான் அங்கே அந்தச் சொல்.

பணத்தைப் பற்றியும் ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையில் புதிதாகப் பதிவு பெற்ற செவிலியர் சேரும் பேண்ட் 5 நிலையின் தொடக்கச் சம்பளம், இங்கிலாந்தில் 2025-26-க்கு ஆண்டுக்கு 31,049 பவுண்டு. வரி, வீட்டு வாடகை, குளிர்காலத்து எரிவாயுக் கட்டணம் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். இன்னொன்று, 2024-க்குப் பிறகு அங்கே வெளிநாட்டுச் செவிலியர் சேர்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஐந்தாண்டுக்கு முன் போன சீனியரின் அனுபவம் அப்படியே உங்களுக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போட முடியாது. முதியோர் பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுக்கும் விசா வழி 2025 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. 'மொழித் தேர்வே வேண்டாம், கேர் விசாவில் போய்விடலாம்' என்று இன்னும் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிரிட்டன் ஒன்றுதான் வழி என்பதில்லை. வளைகுடா நாடுகளில் உரிமத் தேர்வு ஆங்கிலத்தில் பலவுள் தேர்வு வினாக்களாக வருகிறது. அங்கே மருத்துவமனைக்குள் மலையாளியும் பிலிப்பினோவும் எகிப்தியரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்தான். ஜெர்மனிக்குப் போக ஆங்கிலம் உதவாது, ஜெர்மன் மொழியில் பி2 அளவு வேண்டும். ஆனால் இரண்டாம் மொழியை எப்படிக் கற்பது என்று ஒரு முறை கற்றுக்கொண்டவர்கள் மூன்றாவதைச் சீக்கிரம் பிடிக்கிறார்கள். என் பழைய மாணவிகள் இருவரிடம் இதைப் பார்த்தேன்.

இடைத்தரகர்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே இருப்பேன், ஏனென்றால் என் தங்கையே ஒரு ஏஜென்சியிடம் இரண்டு லட்சம் கொடுத்துவிட்டு, பணமும் இல்லாமல் வேலையும் இல்லாமல் எட்டு மாதம் அலைந்தாள். இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பிரிட்டனின் ஆளெடுப்பு நெறிமுறைப்படி, வேலை தேடித் தந்ததற்காகச் செவிலியரிடம் கட்டணம் வாங்கவே கூடாது. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கான செவிலியர் ஆளெடுப்பை, மோசடிகள் பெருகியதால், 2015-இல் மத்திய அரசு அரசு நிறுவனங்களின் கைக்கு மாற்றியது. தமிழ்நாட்டில் 1978 முதல் இயங்கிவரும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றுள் ஒன்று. முதல் விசாரணையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், நாளைக் காலை டியூட்டியிலிருந்து. முதல் மூன்று மாதம் தேர்வுப் புத்தகம் எதையும் வாங்க வேண்டாம். பணி முடிந்ததும் அன்றைய நோயாளிகளில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு, பெயரும் அடையாளமும் இல்லாமல், எஸ்பார் வரிசையில் ஆங்கிலத்தில் பேசி உங்கள் கைபேசியில் பதிவு செய்யுங்கள். இரண்டு நிமிடம் போதும். மறுநாள் அதைக் கேளுங்கள்; எங்கே நின்றீர்கள், எந்தச் சொல் கிடைக்காமல் 'அது' 'இது' என்று இழுத்தீர்கள் என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். அந்தச் சொல்லை மட்டும் தேடி எழுதிக்கொண்டு, அதே நோயாளியை மீண்டும் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். என்னிடம் வருபவர்களில் இதைத் தொண்ணூறு நாள் விடாமல் செய்தவர்கள், வகுப்புக்கு மட்டும் வந்து போனவர்களைவிட வெகுதூரம் முன்னே போய்விடுகிறார்கள். கூட வேலை பார்க்கும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, ஹேண்டோவரை ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்வது அடுத்த கட்டம். சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். இரண்டு வாரத்தில் அவர்களுக்கே அலுத்துவிடும். மூன்று ஷிஃப்டும் பார்த்துக்கொண்டு படிப்பவருக்கு, நீங்கள் சொல்லும் நிலையிலிருந்து ஓ.ஈ.டி. பி தரத்தை எட்ட ஓராண்டு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்தில் முடியும் என்று விளம்பரம் செய்பவர்கள், ஏற்கெனவே ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்களை வைத்துக் கணக்குச் சொல்கிறார்கள்.

தேர்வுக்குப் பணம் கட்டும் நாளை மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். பொதுவாக மதிப்பெண் சான்று இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவைப் புதுப்பிப்பது, சான்றுகளில் பெயரும் பிறந்த தேதியும் கடவுச்சீட்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, கல்லூரியிலிருந்து படிப்பு விவரச் சான்று வாங்குவது ஆகியவற்றுக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிக நாள் பிடிக்கும். அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருப்பதற்காகவே நான்கு மாதம் இழுத்தடிக்கப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். ஆகவே பயிற்சியை இன்றே தொடங்கிவிட்டு, ஆவணங்களையும் கூடவே நகர்த்துங்கள். அவை கைக்கு வந்த பிறகு தேர்வுத் தேதியைக் குறித்தால், சான்றின் இரண்டாண்டும் வீணாகாமல் உங்களிடம் இருக்கும்.